சேனைக்கு எடுத்த பாகு

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் வெடுக்கென்று பேசினால், "ஒனக்குச் சேனை தொட்டது யாரு?" என்று கேட்பார்கள். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாக ஒரு துளி இனிப்பைத் தொட்டு வைப்பதற்குத்தான் சேனை என்று பேர். தொட்டு வைப்பவர் குணம் அப்படியே பிள்ளைக்கு வந்துவிடும் என்பது நம்பிக்கை. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குச் சேனை தொட்டது என் அப்பாவைப் பெற்றவளோ அம்மாவைப் பெற்றவளோ இல்லை, அப்பாவின் அக்கா. அந்தப் பெரியத்தை தெருவில் நடந்து வந்தால் படுத்திருக்கிற நாய்கூட எழுந்து வழி விடும் என்பார்கள். அதனால் என் வாயைப் பற்றி யார் குறை சொன்னாலும் நான் பெரியத்தையைக் கைகாட்டிவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். ரொம்ப காலம் இது எனக்குச் சௌகரியமாகவே இருந்தது.

அவர் எனக்குத் தொட்டு வைத்தது வெல்லப்பாகு. எங்கள் பிறந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் வெல்லம்தான். வேண்டும்போது தட்டிப்போட்டுக் கரைத்து, மண் போக வடிகட்டி, அடுப்பில் வைத்தால் செத்த நேரத்தில் பாகு. மிஞ்சினால் பிள்ளைகள் நக்கித் தீர்த்துவிடுவோம். பாகை ஒருவர் வருஷம் முழுக்க எடுத்து வைத்துக் காப்பாற்றுவார் என்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த மறுநாள், மாமியார் வீட்டுச் சமையல்கட்டில் அடுப்புக்கு மேலே உறியில் கன்னங்கரேலென்று ஒரு பானை தொங்குவதைப் பார்த்தேன். என்ன இது என்று கேட்டதற்குப் பாகு என்றார்கள். எட்டிப் பார்த்தால் உள்ளேயும் பானை நிறமே. இந்த வீட்டில் இனிப்புக்குக்கூட வெளுத்த முகம் கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அப்போதே சொல்லியிருப்பேன், புதுப் பெண் என்று அடக்கிக்கொண்டேன்.

அது பனம்பாகு. பதநீரைக் காய்ச்சி, கருப்பட்டியாக இறுகுகிற பதத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறக்கி, ஊற்றுகிற பதத்திலேயே வைத்துக்கொள்வது. அந்தப் பானையைப் பார்த்துக்கொண்டவர் என் மதினி, அதாவது என் வீட்டுக்காரரின் அக்கா. கல்யாணமான கொஞ்ச காலத்திலேயே புருஷனைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துவிட்டுப் பிள்ளையும் இல்லாமல் தாய்வீட்டுக்குத் திரும்பி வந்தவர். நான் வந்தபோது அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். வெள்ளைச் சீலையும் வெறும் கழுத்துமாக அடுப்படியில் நிற்பார். வெளியே போகவேண்டுமானால் கொல்லை வாசல் வழியாகத்தான் போவார், வருவார். முன்வாசலில் அவர் எதிர்ப்பட்டால் கிளம்பின காரியம் விளங்காது என்று ஊரில் ஒரு சாஸ்திரம். யாரும் அவரைத் தடுத்ததாக எனக்கு நினைவில்லை. அவரே அப்படிப் பழகிக்கொண்டுவிட்டார், அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கும்.

பங்குனி பிறந்து பதநீர் இறங்கத் தொடங்கினால் மகாராஜபுரத்துப் பக்கமிருந்து ஒருவர் வண்டியில் பாகுக் குடங்களை ஏற்றிக்கொண்டு வருவார். மாமியார் முன்வாசலில் நின்று பேசுவார். மதினி கொல்லை வாசலில் நிற்பார். ஒவ்வொரு குடத்திலிருந்தும் ஒரு சொட்டு எடுத்து உள்ளே அனுப்புவார்கள். மதினி அதைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்ப்பார். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவார்கள். அது கூடிப்போனால் பாகு நாக்கின் ஓரத்தில் சுரீரென்று பிடிக்கும், குறைந்துபோனால் லேசாகக் கள் நெடி அடிக்கும். பிறகு இரண்டு விரலுக்கு நடுவில் இழுத்துப் பார்ப்பார். கம்பி ஒன்று வந்து வளைந்து அறுந்தால் நல்லது, வராமலே அறுந்தால் தண்ணீர் இருக்கிறது, ஆடிக்குள் நுரைத்துவிடும். அறாமலே நின்றால் சமையலுக்கு ஆகாது, ஒரு மாதத்தில் பானைக்குள்ளேயே கட்டி தட்டும். மதினி தலையசைத்த குடம் மட்டும் வீட்டுக்குள் வரும். அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத இடம் இது ஒன்றுதான்.

பானைக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. ஈரக் கை படக்கூடாது, ஈரக் கரண்டி படக்கூடாது. எடுப்பதற்கென்று காய்ந்த தேங்காய்ச் சிரட்டையில் ஒரு அகப்பை, அது பானைக்கு மேலேயே துணிக்குள் இருக்கும். வாயில் துணி கட்டி அதன்மேல் பனையோலை மூடி. எறும்பு இறங்காமல் உறிக் கயிற்றில் வேப்பெண்ணெய்த் துணியைச் சுற்றியிருப்பார்கள். அடுப்புச் சூடு கீழேயிருந்து ஏறிக்கொண்டே இருப்பதால் பானையில் ஈரம் தங்காது, மழைக்காலத்திலும் பூஞ்சை பிடிக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, பானைக்குள் ஒருத்தர் கைதான் போகவேண்டும். இரண்டு கை விழுந்த பாகு கெட்டுப்போகும் என்பது மாமியார் போட்ட சட்டம். முன்பு மாமியாரின் கைதான் அது. மதினி திரும்பி வந்ததும் பானையை அவரிடம் விட்டுவிட்டு, அதற்குப் பிறகு மாமியார் அகப்பையைத் தொட்டதே இல்லை. வாழாமல் வந்த மகளை அடுப்படியிலேயே முளையடித்துக் கட்டிவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அந்தப் பானையைக் காலியாக விடவே மாட்டார்கள். புதுப் பாகு வருகிற வரைக்கும் அடியில் ஒரு அகப்பையாவது பழையது கிடக்கவேண்டும், அதன் மேலேதான் புதுசை ஊற்றுவார்கள். பானை வெறிச்சென்று கிடந்தால் வீடும் வெறிச்சென்று போய்விடும் என்று பயம். ஆகவே எந்த வருஷத்துப் பாகு எந்த வருஷத்தோடு சேர்ந்து கிடக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. என் மாமியார் அந்த வீட்டுக்கு வாழவந்த காலத்துப் பாகும் அதில் இருக்கும் என்று மாமனார் கேலி செய்வார்.

முதலில் எனக்கு அந்தப் பாகு பிடிபடவில்லை. வந்த புதிதில் ஒரு வெள்ளிக்கிழமை, கொழுக்கட்டைக்குப் பூரணம் கிண்டுகிறேன் என்று பிறந்த வீட்டு வழக்கப்படி பாகை அடுப்பில் வைத்து நன்றாகக் கொதிக்கவிட்டேன். தேங்காயைப் போட்டுக் கிண்டி இறக்கினால், ஆறியதும் அது கூழாங்கல்லாகிவிட்டது. மாமனார் ஒரு கடி கடித்துவிட்டு, கன்னத்தைப் பிடித்தபடி எழுந்து போனார். மாமியார் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். மதினிதான் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "அது ஏற்கெனவே வெந்தது தாயி. நீ சும்மா சூடு காட்டினாப் போதும்."

அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டோம். பணியாரத்துக்கு மாவில் கலக்கும்போது பாகு குறைவாகவே போதும், கூடினால் குழியில் அடிப்பிடிக்கும். உளுந்தங்களிக்குத் தாராளமாக விடலாம், நல்லெண்ணெயும் அதுவும் சேர்ந்தால் களி கையில் ஒட்டாமல் உருண்டுகொண்டு வரும். சுக்குத் தண்ணீருக்கு இறக்கின பிறகுதான் விடவேண்டும். இடியாப்பத்தின் மேல் தேங்காய்ப்பாலை விட்டு, அதற்கும் மேல் நூல் மாதிரி சுற்றிவர ஊற்றித் தின்றால், என் பிறந்த வீட்டு வெல்லத்தை ஒரு தரம்கூட நினைக்கமாட்டோம். ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியத்தையிடம் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். ராஜபாளையத்தில் என்னை மயக்கிவிட்டார்கள் என்றார் அவர். அது உண்மைதான், மயக்கியது மதினி.

மூத்தது பெண்ணாகப் பிறந்தது. வழக்கப்படி முதல் பேறு தாய்வீட்டில் ஆனதால் சேனை தொட்டதும் பெரியத்தையே. கேட்கவா வேண்டும். நடக்கத் தெரிவதற்கு முன்னாலேயே அவள் தட்டை எடுத்து வீசக் கற்றுக்கொண்டாள். ஒரு வீட்டில் எங்களைப் போல இரண்டு பேர் போதும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். இரண்டாவது பிள்ளை உண்டானபோது, பிரசவம் ராஜபாளையத்தில்தான் என்று முடிவாயிற்று. அன்றைக்கே நானும் ஒரு முடிவு செய்துகொண்டேன். இந்தப் பிள்ளைக்கு மதினிதான் சேனை தொடவேண்டும்.

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குணம் வரும் என்றால் வரவேண்டிய குணம் அதுதானே. ஒரு சொல் அதிர்ந்து பேசாதவர். துக்கத்தை எல்லாம் வைத்துக்கொண்டும் என் மகளைக் குளிப்பாட்டும்போது பாட்டு முணுமுணுப்பவர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அந்தத் தெருவே தின்கிற பணியாரத்தில் இருப்பது அவர் எடுத்துக் கொடுத்த பாகு. அத்தனை பேர் நாக்குக்கும் ஆகிற கை என் பிள்ளையின் நாக்குக்கு மட்டும் ஆகாதா என்று மனசுக்குள் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே இருந்தேன். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது அவரிடமே சொல்லிவிட்டேன். முறத்தை அப்படியே கீழே வைத்துவிட்டார். அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன், உடனே அது அணைந்ததையும் பார்த்தேன். தன் கை வேண்டாம், நல்லபடியாக வாழ்கிற யாராவது தொடட்டும், இந்தப் பேச்சை இனி எடுக்காதே என்றார். பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் ஊர் தன்னைத்தான் பார்க்கும் என்றும் சொன்னார். நான் விடுவதாக இல்லை. அவர் கொல்லைப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

என் எண்ணம் மாமியார் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. ஐப்பசி அடைமழையில் ஒருநாள் செண்பகத்தோப்புப் பக்கமிருந்து தேன் கொண்டுவரச் சொல்லியிருந்ததாக ஒரு சீசாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். மலைத்தேன், பொன்னிறத்தில் இருந்தது. எங்கள் வீட்டில் மருந்துக்குக்கூடத் தேன் வாங்கி நான் பார்த்ததில்லை. சேனைக்கு இதுதான் என்றார். பக்கத்து வீட்டு அம்மாதான் தொட்டு வைப்பார், பேசியாயிற்று என்றும் சொன்னார். அந்த அம்மா தெலுங்கு பேசுகிற குடும்பம், நிறையப் பிள்ளை பெற்றவர், மஞ்சள் முகமும் சிரித்த வாயுமாக இருப்பவர். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனால் மாமியார் அடுத்தாற்போல் தன் மகளைப் பார்த்து, "இதை நீ தொடாதே" என்றார். அதைக் கேட்டதும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா ஒருமுறை என்னிடம் வேறொன்றும் சொல்லியிருந்தார். முன்னொரு காலத்தில் அந்தத் தெருவில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் சேனைக்கு என் மாமியாரைத்தான் கூப்பிடுவார்களாம். அவ்வளவு ராசியான கை என்று பேராம். பிறகு என்ன ஆயிற்றோ, யார் கூப்பிட்டாலும் போவதில்லை, கேட்டால் பதிலும் இல்லையாம். வயசானதும் பெருமை கூடிவிட்டது என்று நான் அதற்கு ஓர் அர்த்தம் வைத்துக்கொண்டேன்.

தேனை மாமியாரே பத்திரப்படுத்தினார். சீசாவின் வாயில் துணியைத் திணித்து, மேலே மெழுகை உருக்கி ஊற்றி, காற்றுப் புகாமல் அடைத்தார். பிறகு அதை அடுப்புக்கு மேலே, பாகுப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு கயிற்றில் தொங்கவிட்டார். எங்கள் வீட்டில் யாருக்கும் தேனைப் பற்றி ஒன்றும் தெரியாது. பாகுக்கு எது நல்லதோ அதுவே தேனுக்கும் நல்லது என்று எல்லோரும் நினைத்தோம். மழையில் எடுத்த தேன் தண்ணீராக இருக்கும், அதைச் சூட்டில் வைத்தால் பொங்கும் என்று மலையடிவாரத்தில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். எங்களைப் போலப் பருத்தி யாவாரம் செய்கிற குடும்பத்துக்கு அது எப்படித் தெரியும். காய்ச்சின பாகு அந்த இடத்தில் வருஷக்கணக்கில் கெடாமல் இருந்ததால் காய்ச்சாத தேனும் அங்கே பத்திரமாக இருக்கும் என்று நம்பினோம். மதினி மட்டும் இரண்டொரு தரம் சீசாவை அண்ணாந்து பார்த்ததைக் கவனித்தேன். தொடாதே என்று சொன்ன பொருளைப் பற்றி அவர் வாய் திறப்பாரா.

மழை விட்டு ஒரு வாரம் கழித்து, விடிந்து வெயில் ஏறின நேரத்தில் பையன் பிறந்தான். என் வீட்டுக்காரரை எதிர்வீட்டுக்குத் துரத்தியிருந்தார்கள். பிள்ளை அழுத அழுகை அங்கே கேட்டு அவர் அழுதாராம், அதை அவர் இன்றுவரை ஒத்துக்கொள்வதில்லை. மருத்துவச்சி குளிப்பாட்டித் துணியில் சுற்றி என் பக்கத்தில் கிடத்தினாள். பக்கத்து வீட்டு அம்மா தலைக்கு ஊற்றிக்கொண்டு புதுச் சீலை கட்டி வந்து உட்கார்ந்தார். மதினி அடுப்படி நிலையோடு நின்றுவிட்டார், அறைக்குள் வரவில்லை. மாமியார் சீசாவைக் கொண்டுவந்தார். கொண்டுவரும்போதே அதன் கழுத்தில் ஏதோ வழிந்து காய்ந்திருந்தது. மெழுகு வெடித்திருந்தது. துணியைப் பிடித்து இழுத்தார். டப்பென்று ஒரு சத்தம். நுரை பொங்கி அவர் கையெல்லாம் வழிந்து தரையில் கொட்டியது. அந்தச் சின்ன அறை முழுக்கக் கள்ளு நெடி.

மருத்துவச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பிறந்த அன்றைக்கே பிள்ளைக்குக் கள்ளு ஊற்றப் போகிறீர்களா என்று கேட்டாள். பக்கத்து வீட்டு அம்மா தெலுங்கில் சாமியைக் கூப்பிட்டார். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. ஒழுகுகிற கையை அப்படியே நீட்டிக்கொண்டு, இனி என்ன செய்வது என்பதுபோல் நின்றார். வேறு இனிப்பு என்ன இருக்கிறது, சீக்கிரம் எடுத்துக் கொண்டுவாருங்கள் என்று மருத்துவச்சி அவசரப்படுத்தினாள். படுத்தபடியே நான் சொன்னேன், பானையில் பாகு இருக்கிறது, அதை எடுங்கள் என்று.

"அந்தப் பானை வேண்டாம்" என்றார் மாமியார்.

எனக்குப் பெரியத்தை தொட்ட சேனை அந்த நேரத்தில் வேலை செய்தது. உடம்பில் தெம்பில்லை, ஆனால் வாயில் இருந்தது. "ஏன் வேண்டாம்? எடுக்கது மதினி கைன்னு வேண்டாமா? எம்பிள்ளைக்கு அவியதான் தொடணும். அந்தக் கை ஆகாதுன்னா, இனிமே இந்த வீட்டுல ஒருத்தரும் அவிய கையால ஒரு பணியாரம்கூடத் திங்கக் கூடாது" என்றேன்.

மாமியார் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நுரை பட்ட கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். அந்தக் குரலை நான் அதுவரை அவரிடம் கேட்டதில்லை.

"அவ கையில என்னட்டி இருக்கு? எல்லாம் எங்கையிலதான் இருக்கு. அவளுக்குச் சேனை தொட்டது நான். இந்தப் பானையில எடுத்த பாகுதான். ஊரு பிள்ளைகளுக்கெல்லாம் ராசியான கை, பெத்த மகளுக்கு இப்படி ஆயிருச்சு. அந்தப் பாகு இன்னும் அதுல அடியில கெடக்கு. அதைப் போயி இந்தப் பச்சமண்ணு வாயில வைக்கச் சொல்லுதியா?"

  மகளிடம் பானையை விட்டுவிட்டு அவர் ஏன் அகப்பையைத் தொடாமல் இருந்தார், தெருவில் கூப்பிட்டவர்கள் வீட்டுக்கு ஏன் போகாமல் இருந்தார், எங்கேயோ மலையடிவாரத்துத் தேனுக்கு ஏன் ஆள் அனுப்பினார், எல்லாம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் தன் மகளை ஒதுக்கவில்லை. தன் கையைத்தான் அத்தனை வருஷமாக ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வீட்டுச் சம்பந்தமே இல்லாத ஓர் இனிப்பை, அந்த வீட்டுச் சம்பந்தமே இல்லாத ஒரு கையால் என் பிள்ளைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று தவித்திருக்கிறார். அந்தப் பாகில் புழங்குகிற கை என்பதால்தான் மதினியையும் தேனைத் தொடாதே என்றிருக்கிறார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

மதினி நிலையைத் தாண்டி உள்ளே வந்தார். அம்மாவுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, தன் முந்தானையால் அந்தக் கையைத் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"யம்மா, சேனை தொட்டா கொணந்தான் வரும். பொழைப்பு வராது. அவியளுக்குக் காய்ச்சல் வந்ததுக்கு நீ என்ன செய்வே? எனக்கு வந்தது ஒங்கொணம். அது வந்ததாலதான் நான் கெணத்துல விழாம இங்க திரும்பி வந்தேன்."

மாமியார் மகளின் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் இருவரும் இதைப் பேசியதில்லை என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. ஒரே அடுப்படியில், ஒரே பானைக்குக் கீழே, நாள் தவறாமல் நின்றவர்கள். ஒருத்தி தன் கை ஆகாது என்று அகப்பையைத் தொடவில்லை, இன்னொருத்தி தன் கை ஆகாது என்று ஒரு பிள்ளைக்கும் சேனை தொடவில்லை. என்னைப் போல வாயாடியாக இருந்திருந்தால் முதல் வருஷத்திலேயே தீர்ந்திருக்கும் என்று நான் பிறகு மதினியிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

"போ, எடுத்துட்டு வா" என்றார் மாமியார்.

மதினி எழுந்து போய்க் கையைக் கழுவினார், ஈரம் போகத் துடைத்தார். உறியிலிருந்து பானையை இறக்குகிற சத்தமும் ஓலை மூடி உரசுகிற சத்தமும் எனக்குக் கேட்டன. அகப்பையை அவர் மேலாக விடவில்லை. பானையின் அடிவரை விட்டு எடுத்தார் என்று அவரே பிற்பாடு சொன்னார். ஒரு சொட்டை, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் விட்டு, வெந்நீர் ஒரு துளி சேர்த்து இளக்கிக்கொண்டு வந்து அம்மாவிடம் நீட்டினார். மாமியார் வாங்கவில்லை. "பெத்தவ ஒன்னையத்தான் கேக்கா" என்றார். பக்கத்து வீட்டு அம்மா தான் உட்கார்ந்திருந்த இடத்தைவிட்டு நகர்ந்து, மதினியின் தோளைப் பிடித்து அங்கே உட்காரவைத்தார்.

மதினி பாலாடையில் விரலைத் தொட்டெடுத்தார். பாகு நுனி விரலில் மினுங்கியது. பிள்ளையின் உதட்டில் தொட்டதும் அவன் முகத்தைச் சுளித்தான். அடுத்த நொடி நாக்கை வெளியே நீட்டிச் சப்புக்கொட்டினான். போதாது என்பதுபோல் அந்த விரலைத் தேடி வாயைத் திறந்தான். மருத்துவச்சி மறுபடியும் சிரித்தாள், இந்த முறை மாமியாரும் சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கு அழுகை வருகிற இடத்திலெல்லாம் கோபம்தான் வரும். அன்றைக்கு வெறும் அழுகைதான் வந்தது, சந்தோஷமாக இருந்தது.

பையன் மதினியைப் போலவே சாந்தமாக வளர்ந்தான் என்று எழுத ஆசைதான். அப்படி எழுதினால் அவனே படித்துவிட்டுச் சிரிப்பான். சாந்தமும் இருந்தது, தான் நினைத்ததை விடாத அழுத்தமும் இருந்தது. அந்த அழுத்தமும் மதினியுடையதுதான் என்பது எனக்குப் போகப்போகத் தெரிந்தது. தும்மினான், காய்ச்சலில் கிடந்தான், எல்லாப் பிள்ளைகளையும் போல எழுந்து ஓடினான். ஊர் மதினியைப் பார்த்ததோ இல்லையோ, நாங்கள் ஊரைப் பார்க்கவில்லை.

மீதித் தேனை மாமியார் கொல்லையில் கொட்டிவிட்டார். எறும்புகளுக்கு ஒரு வாரம் திருவிழா. அந்தச் சீசாவைக் கழுவிக் காயவைத்து விளக்கெண்ணெய்க்கு வைத்துக்கொண்டோம். மாமியார் அதற்குப் பிறகு பாகுப் பானையில் எப்போதாவது தானே அகப்பையை விட்டு எடுப்பார். இரண்டு கை விழுந்தால் கெடும் என்று சட்டம் போட்டவரே இப்படிச் செய்யலாமா என்று நான் கேட்டால், அம்மா கையும் மகள் கையும் ஒரு கைக் கணக்குத்தான் என்பார். பாகு கெடவில்லை.

அடுத்த பங்குனியில் மகாராஜபுரத்து வண்டி வந்து புதுப் பாகு ஊற்றிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் பக்கத்து வீட்டு அம்மா முன்வாசலில் வந்து நின்றார். அவர் மருமகளுக்கு விடிகிற நேரத்தில் பிள்ளை பிறந்திருந்தது எங்களுக்குத் தெரியும், அழுகை கேட்டிருந்தது. பாகு கேட்டு வந்திருக்கிறார் என்று மாமியார் கிண்ணத்தை எடுத்துவரச் சொல்லி எனக்குக் குரல் கொடுத்தார். அந்த அம்மா கையை ஆட்டி வேண்டாம் என்றார்.

"பாகு எங்க வீட்டுல இருக்கு. ஒங்க பொண்ணைக் கொஞ்சம் அனுப்புங்க."

 மாமியார் உள்ளே திரும்பி மகளைக் கூப்பிட்டார். அடுப்படியிலிருந்து வந்த மதினி விஷயத்தைக் கேட்டதும் பழக்கத்தில் கொல்லைப் பக்கம் திரும்பினார். மாமியார் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மதினி கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனார்.